நாலாவது டேக்

ஜப்பான்காரர்கள் ஒரு காதலைச் சொல்லி முடிக்கப் பன்னிரண்டு எபிசோடு எடுத்துக்கொள்வார்கள். முதல் எபிசோடிலேயே அவனுக்கு அவளைப் பிடிக்கும், அவளுக்கு அவனைப் பிடிக்கும், மதில் மேல் உட்கார்ந்திருக்கும் பூனைக்கு இரண்டு பேரையும் பிடிக்கும். ஆனாலும் சொல்ல மாட்டார்கள். சொல்ல வாயைத் திறந்தால் ரயில் போகும். மறுபடி திறந்தால் வாணவேடிக்கை வெடிக்கும். இன்னொரு தடவை திறப்பதற்குள் அவளுக்குப் பெயர் தெரியாத ஒரு வியாதி வந்து, பெரிய ஜன்னல் வைத்த ஆஸ்பத்திரியில் படுத்துவிடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "வாயில இன்னா கொழுக்கட்டையா, சொல்லித் தொலையேன்டா!" என்று திரையைப் பார்த்துக் கத்துவேன். பக்கத்தில் உட்கார்ந்து என் தோழி கலைமதி அழுதுகொண்டிருப்பாள்.

நான் வேணி. அந்தப் பூனைக்குத் தமிழில் குரல் கொடுப்பவள்.

பூனைக்கு மட்டும் இல்லை. கதாநாயகியின் அம்மா, வகுப்பு டீச்சர், ரயில்வே அறிவிப்பு, காக்கா, கூட்டத்தில் சலசலப்பு எல்லாமே நான்தான். திண்டிவனத்தில் பிளஸ் டூ எழுதி முடித்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் இரண்டு பெண்கள் வேறு என்ன உருப்படியான வேலை செய்ய முடியும்? பிளஸ் டூ தொடங்கும்போதே ஆரம்பித்து, ஒரு வருஷமாக ஜப்பானிய அனிமே, அதாவது கார்ட்டூன் தொடர், ஒன்றைத் தமிழில் டப்பிங் செய்து டெலிகிராம் சேனலில் போட்டுக்கொண்டிருந்தோம். கலைமதிதான் கதாநாயகி ஷியோரி. வசனம் எழுதுவதும் அவள்தான், எல்லோரையும் அதட்டுவதும் அவள்தான். எனக்குப் பூனை போக, எல்லா ஒலியையும் வெட்டி ஒட்டிச் சுத்தம் செய்யும் வேலை. என் அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசாங்க லேப்டாப்பில்தான் அத்தனையும். அது சூடானால் அதன் மேல் முட்டையே பொரிக்கலாம்.

கலைமதியின் அப்பா மல்லாட்டை வியாபாரி, அதாவது வேர்க்கடலை. வீட்டின் பின்கட்டில் ஓர் அறை நிறைய மூட்டைகள். மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து பேசினால் எதிரொலியே வராது, சென்னையில் காசு கொடுத்தாலும் அப்படி ஒரு ஸ்டூடியோ கிடைக்காது. அங்கே உட்கார்ந்துதான் அவள் ஷியோரியாகச் சிரிப்பாள், ஷியோரியாக அழுவாள். சிவந்த கண்ணோடு வெளியே வருபவளைப் பார்த்து, மல்லாட்டைத் தூசுதான் சேரவில்லை என்று அவள் அம்மா நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க வைப்பார். ஒவ்வொரு சோகக் காட்சிக்கும் ஓர் ஆவி.

கதாநாயகன் தகுமாவுக்குக் குரல் கொடுத்தவன் பூவரசன். விழுப்புரத்துப் பையன், எங்கள் வயசு. அனிமே பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகளின் குழுவில் 'ஹீரோ குரல் தேவை' என்று கலை போட்டதும் நிறையப் பேர் அனுப்பினார்கள். பாதிப் பேர் பிரசாரம் செய்தார்கள். மீதிப் பேர் செய்தி வாசித்தார்கள். பூவரசன் மட்டும் "மழை நின்னுடுச்சு. வா, ஸ்டேஷன் வரைக்கும் கூட வர்றேன்" என்று சொல்லியிருந்தான். அவ்வளவுதான். கலை ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சுமாரா இருக்குது. இவனையே வெச்சிக்கலாம்" என்றாள்.

அந்தச் சுமாரான குரலை அவள் ஒரு வருஷமாகத் திரும்பத் திரும்பக் கேட்டது இருக்கிறதே! சாப்பிடும்போது கேட்பாள். பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்பாள். என்ன என்று கேட்டால் "செக் பண்ணிக்கினு இருக்கேன்டி" என்பாள். 'சரி, நாளைக்குப் பார்க்கலாம்' என்று ஒரே வரி. அதில் செக் பண்ண என்ன இருக்கிறது, பெட்ரோல் பங்கா? முகமெல்லாம் பல்லாக உட்கார்ந்திருப்பாள். எனக்குத் தெரியும், காக்காவுக்குத் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது.

ஆனால் நாங்கள் அவனைப் பார்த்ததே இல்லை. அவன் படம் இருக்க வேண்டிய இடத்தில் தகுமாவின் படம்தான் இருக்கும். வசனத்தைப் பேசி அனுப்புவான், மற்றதெல்லாம் டைப் அடிப்பான். போன் செய்தால் எடுக்க மாட்டான். "ரொம்ப பெரிய ஆளுன்னு நெனப்பு" என்று கலை சொல்வாள். வீட்டில் கண்டிப்பு போல என்று நான் சொல்வேன்.

இப்படியே பன்னிரண்டாவது எபிசோடு வந்துவிட்டது. ரயில் நிலையம். கடல் பக்கத்தில் சின்ன பிளாட்பாரம், இளஞ்சிவப்புப் பூ கொட்டுகிறது. தகுமா இப்போதாவது சொல்லியாக வேண்டும். சொல்கிறான்: "எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு." ஜப்பானிய மொழியில் அதைச் சொல்லும்போது அவனுக்கு வெட்கத்தில் முதல் எழுத்து லேசாகத் திக்கும். அந்தத் திக்கலுக்காகவே கலை அந்தக் காட்சியைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்திருந்தாள்.

எங்கள் வழக்கப்படி எந்த வசனத்துக்கும் மூன்று டேக் அனுப்ப வேண்டும். சாதாரணமாக ஒன்று, மெதுவாக ஒன்று, கொஞ்சம் தூக்கலாக ஒன்று. கலை ஒன்றைப் பொறுக்குவாள். பூவரசன் மூன்று அனுப்பினான். மூன்றும் வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு போயின. கேட்டுவிட்டுக் கலையின் காது மடல் சிவந்தது. பிறகு வேலை ஞாபகம் வந்து, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு டைப் அடித்தாள்: 'மூணும் சூப்பர். ஆனா ஒரிஜினல்ல ஹீரோ திக்குவான் இல்ல? நீயும் கொஞ்சம் திக்கி சொல்லு. க்யூட்டா இருக்கும்.'

அவன் பார்த்துவிட்டான் என்று இரட்டை டிக் காட்டியது. பதில் இல்லை. மறுநாள் மத்தியானம் ஒரே ஒரு ஃபைல் வந்தது. நாலாவது டேக்.

மூட்டை அறையில் நானும் இருந்தேன். கலை வீடியோவை ஓடவிட்டு, குரலையும் சேர்த்து ஓடவிட்டாள்.

"எ... எ... எ..."

மூச்சு முட்டியது. பிறகு "எனக்கு" வந்தது. பிறகு "உ... உ... உ..." திரையில் தகுமா பேசி முடித்து வாயை மூடிவிட்டான். கேமரா கடலைக் காட்டியது. பூ எல்லாம் கொட்டித் தீர்ந்தது. ஷியோரி அழவே ஆரம்பித்துவிட்டாள், இவன் இன்னும் "பி... பி..."யிலேயே நின்றுகொண்டிருந்தான். கலை என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

"இன்னாடி இவன், கொஞ்சமா திக்குடான்னா தெருக்கூத்தே கட்டிட்டான்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பாதியிலேயே ஃபைலை நிறுத்திவிட்டு அவனுக்கு எழுதினாள்: 'செம ஓவர் ஆக்டிங். யாருமே இப்படித் திக்க மாட்டாங்க. நம்புற மாதிரியே இல்ல. மறுபடி அனுப்பு.'

அதோடு விட்டிருக்கலாம். சனி யாரை விட்டது? அந்தத் துண்டை வெட்டி, 'எங்க ஹீரோ லவ் சொல்ற அழகைப் பாருங்க' என்று சேனலிலும் போட்டுவிட்டாள். ஒரே சிரிப்பு பொம்மைகள். யாரோ ஒருவன் அதற்குத் தவில் சேர்த்துத் திருப்பிப் போட்டான். சாயங்காலம் பார்த்தால் பூவரசன் எல்லாக் குழுவிலிருந்தும் வெளியேறியிருந்தான்.

"ஒரு திருத்தம் சொல்லக் கூடாதா? இன்னா திமிரு பாரு!" என்று கலை குதித்தாள். அடுத்த நாளும் குதித்தாள். அதற்கடுத்த நாள் குதிக்கவில்லை. பழைய ஃபைல் ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். செக் பண்ணுகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

எப்படியும் எபிசோடை முடித்தாக வேண்டுமே என்று நான் அவனுடைய வெண்ணெய் டேக் ஒன்றை எடுத்துச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். அவன் அனுப்பும் எல்லாவற்றிலும் பின்னால் ஏதாவது சத்தம் இருக்கும். அதை எடுக்க ஒரு வழி உண்டு. அவன் பேசாமல் இருக்கும் இடத்தில் கொஞ்சம் வெறும் சத்தத்தை மட்டும் மாதிரிக்கு எடுத்து, இதுதான் குப்பை என்று லேப்டாப்புக்குக் காட்ட வேண்டும். அது மற்ற இடத்திலும் அதே குப்பையைப் பெருக்கிவிடும். வெறும் சத்தம் ஃபைலின் கடைசியில்தான் கிடைக்கும். நாலாவது ஃபைலின் வால்தான் நீளமாக இருந்தது. அதன் கடைசிக்குப் போய் ஹெட்போனை மாட்டினேன்.

வெறும் சத்தம் இல்லை. அவன் பேசிக்கொண்டிருந்தான்.

"இ... இது டேக் இல்ல. நா... நான் இப்டித்தான். எ... எழுதி வெச்சத நடிச்சா வருது. நெ... நெஜமா பேசுனா இப்டித்தான் வ... வரும். அ... அதான் போன் எடுக்கறதில்ல. நீ தி... திக்கி சொல்லுன்னு கேட்டியா... ச... சரி, சொல்லிடலாம்னு..." கொஞ்ச நேரம் மூச்சு மட்டும். "சீ... சீனுக்காக சொல்லல. உ... உன்கிட்டதான் சொன்னேன், கலை."

உலை பொங்குகிறது, அடுப்பைக் குறை என்று அம்மா கத்தியதுகூட உறைக்கவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, மே மாத வெயிலில் செருப்புகூடப் போடாமல் கலை வீட்டுக்கு ஓடினேன்.

அவள் கடைசி வரை கேட்டாள். ஜப்பானில் பூ உதிர்ந்தால் அழுகிறவள், இதற்கு அழவில்லை. முகம் மட்டும் சுண்டிப்போயிற்று.

"யாருமே இப்டித் திக்க மாட்டாங்கன்னு அவன்கிட்டயே சொன்னேன்டி" என்றாள்.

"தெரியாமத்தான..."

"ஊரே சிரிச்சுதுடி. நாந்தான் சிரிக்க வெச்சேன்." சேனலில் போட்டதை அழித்தாள். அதற்குள் எத்தனை பேர் எங்கெங்கே அனுப்பினார்களோ. அவனுக்கு எழுதினாள், ஒற்றை டிக்கோடு நின்றது. போன் செய்தாள், போகவே இல்லை. "வேணி, இனிமே அவன் யாருகிட்டயுமே வாயைத் தொறக்கலன்னா? என்னாலதான் ஆச்சுன்னு ஆயிடும்டி. அவன் என்கிட்ட ஒரு வார்த்தை பேசணும். திட்டுனாக்கூடப் பரவால்ல. பேசணும்" என்றவள், திடீரென்று என் கையைப் பிடித்தாள். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. "ஏய்... அவனுக்கு என்னைப் புடிச்சிருக்குதாம்டி!"

பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். நினைத்தது சரிதான்.

"விழுப்புரத்துல எங்கன்னு போவ?" என்றேன். "அட்ரஸ் தெரியுமா? மூஞ்சி தெரியுமா?"

"உனக்குத் தெரியும்."

"எனக்கா?"

"ஒரு வருஷமா அவன் வீட்டு சத்தத்தையெல்லாம் நீதான பெருக்கிக் கொட்டுற!"

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். அவன் வசனங்கள் கலைக்கு மனப்பாடம் என்றால், அவன் வீட்டுச் சத்தம் எனக்கு மனப்பாடம். ரயில் வருவதை அறிவிக்கும் பெண் குரல், ஜங்ஷனுக்குப் பக்கம்தான் என்கிற அளவுக்குத் தெளிவாகக் கேட்கும். மத்தியானம் மாதா கோயில் மணி அடிக்கும். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு மாவு மில். சாதாரண மில் சத்தம் என்றால் ஊருக்கு நாலு இருக்கும். இந்த மில்லின் பெல்ட்டில் எங்கோ ஓர் ஒட்டு. ஒட்டு சுற்றி வரும்போதெல்லாம் 'டொக்' என்று ஓர் அடி விழும். அந்த டொக்கை எடுப்பதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிடும். அவனை மனசுக்குள் எத்தனை தடவை வைதிருப்பேன்!

பெரியம்மா வீட்டுக்குப் போகிறோம் என்று இரண்டு வீட்டிலும் புளுகிவிட்டு மறுநாள் காலையில் பஸ் ஏறினோம். கலை ஜன்னலோரம் உட்கார்ந்து என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தாள். விக்கிரவாண்டி டோல்கேட் வருவதற்குள் மன்னிப்பை அழுதுகொண்டே ஒன்று, அழாமல் ஒன்று, சிரித்துக்கொண்டே ஒன்று என்று மூன்று விதமாகச் சொல்லிக் காட்டினாள். முன் சீட்டில் இருந்த தாத்தா திரும்பி, "யாருக்கும்மா ஒடம்பு சரியில்ல?" என்று கேட்டார்.

விழுப்புரத்தில் இறங்கி, ஜங்ஷனை ஒட்டிய தெருக்களில் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தோம். ஒவ்வொரு தெரு முனையிலும் நான் கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன். கலை பக்கத்தில் போகிற வருகிற ஆட்டோக்களை முறைப்பாள். ஒரு தெருவில் அறிவிப்பு கேட்டது, மில் கேட்கவில்லை. இன்னொன்றில் மில் கேட்டது, டொக் இல்லை. கண்ணை மூடி நின்ற என்னைப் பார்த்து டீக்கடைக்காரர், "மயக்கமா பாப்பா? வெயில்ல சுத்தாதீங்க" என்று தண்ணீர் கொடுத்தார். வெயிலில் மண்டை பிளந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று வாயெடுத்தபோது மாதா கோயில் மணி அடித்தது. அடித்த பக்கமாக நடந்தோம். அந்தத் தெருவில் நுழைந்ததும் எனக்கு உள்ளங்காலிலேயே தெரிந்துவிட்டது.

டொக்.

"இதாண்டி!" என்று கத்தினேன். கலை துப்பட்டாவைச் சரி செய்தாள், முடியைச் சரி செய்தாள், மறுபடி துப்பட்டாவைச் சரி செய்தாள்.

"சும்மா போயி நின்னா இன்னான்னு கேப்பாங்கடி" என்று அவளே சொன்னாள். எதிரே மளிகைக்கடையில் கொஞ்சம் கேப்பை வாங்கிக்கொண்டோம். காதல் விஷயமாகக் கேப்பை வாங்கியவர்கள் ஜப்பான் வரலாற்றிலேயே கிடையாது.

மில் வாசலில் பெண்கள் டப்பாவும் கூடையுமாக வரிசையில் நின்றார்கள். தராசுப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் மெஷின் சத்தத்துக்கு மேல் எங்கள் காதருகே வந்து கத்தினார்.

"கேப்பையா? வறுத்ததா, பச்சையா?"

கலை பையை இறுக்கிக்கொண்டு என் பின்னால் நகர்ந்தாள். நான்தான் கத்தினேன். "பச்சைதான், அங்கிள். இங்க பூவரசன்னு..."

"என் பையன்தாம்மா. நான் தேவசகாயம். நீங்க அவன்கூடப் படிச்ச புள்ளைங்களா?" என்றவர் முகம் வாடியது. "ஒரு வாரமா வாயே தொறக்கல அவன். கேட்டா கையைக் காட்டுறான். அவனுக்குக் கொஞ்சம் திக்கும்மா. முன்னல்லாம் மாடியில கதவைச் சாத்திக்கினு ஏதோ கதை பேசுவான், ஒரு எடத்துல திக்காது. நான் படியில நின்னு கேட்டுக்கினு இருப்பேன். இப்ப அதுவும் நின்னுபோச்சு."

கலையைத் திரும்பிப் பார்த்தேன், அவள் என் பக்கத்தில் இல்லை. வரிசையைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தாள். "ஏ பொண்ணு, நாங்கள்லாம் இன்னா வேடிக்கை பாக்கவா நிக்கிறோம்?" என்று வரிசையில் முதலாவதாக நின்ற அம்மா சத்தம் போட்டார். அவர் பெயர் அம்சவள்ளி என்பது பிறகு தெரிந்தது. கையில் பெரிய அரிசி டப்பா.

மெஷின் பக்கத்தில் ஒல்லியாக ஒரு பையன். புருவம், இமை, காது எல்லாம் மாவு. கலை அவன் எதிரில் போய் நின்று பேச ஆரம்பித்தாள். உதடு அசைவது எனக்குத் தெரிந்தது, பேச்சு கேட்கவில்லை. அவனுக்கும் கேட்கவில்லை. அவன் அவள் கையில் இருந்த கேப்பைப் பையை வாங்கக் கை நீட்டினான். அவள் இல்லை இல்லை என்று தலையாட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவன் காதில் கை வைத்துக் காட்டினான். மறுபடி ஆரம்பித்தாள். அவன் பணிவாகக் கேப்பைப் பையைப் பிடித்து இழுத்தான். அவள் விடவில்லை. மன்னிப்புக் கேட்க வந்தவள் மாவு மில்லில் பைக்கு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றாள்.

கடைசியில் கலைக்குப் பொறுமை போயிற்று. இருந்த மூச்சையெல்லாம் இழுத்து ஒரே கத்தாகக் கத்தினாள்.

மாவு மில்லில் ஒரு பெண் அப்படிக் கத்தினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். துப்பட்டாவோ புடவையோ பெல்ட்டில் மாட்டிவிட்டது. தேவசகாயம் ஒரே பாய்ச்சலில் போய் சுவிட்சை அடித்தார். மெஷின் செத்தது. பெல்ட் சுழன்று சுழன்று ஓய்ந்தது. அந்த நிசப்தத்தில் கலையின் கத்தல் மட்டும் நிற்காமல் தெருக்கோடி வரை போனது.

"...எனக்கும் உன்னைத்தான் புடிச்சிருக்குது!"

அம்சவள்ளி டப்பாவின் மூடியைக் கீழே போட்டார். கலை துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். என்னைக் கேட்டால், பூமி பிளந்து அவள் மட்டும் உள்ளே போனால் போதாது, என்னையும் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

பூவரசன் அவளையே பார்த்தான். முகம் தெரியாது, ஆனால் அந்தக் குரல் அவனுக்குத் தெரியாதா? ஒரு வருஷமாக ஷியோரியாக அவன் காதுக்குள் அழுத குரல், சிரித்த குரல், கோபித்துக்கொண்ட குரல். மாவுக்கு அடியில் அவன் முகம் மாறுவதை நான் பார்த்தேன். வாயைத் திறந்தான்.

"க... க... க..."

"கலையா?" என்றேன் நான், வாய் சும்மா இராமல்.

"கரண்ட்டா?" என்றார் அம்சவள்ளி.

"கேப்பையாப்பா? கேப்பைக்கு இன்னா?" என்றார் தேவசகாயம். பிள்ளையின் வார்த்தையைத் தானே முடித்துக் கொடுப்பது அவருக்கு எத்தனை வருஷத்துப் பழக்கமோ.

கலை சட்டென்று கையைத் தூக்கினாள். "அங்கிள், ப்ளீஸ். யாரும் சொல்லாதீங்க. அவனே சொல்லட்டும்."

எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். இரண்டு வார்த்தைக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி விழுந்தாலே 'வெட்டுடி அதை' என்று என் உயிரை எடுப்பவள், கையைக் கட்டிக்கொண்டு அவன் வாயைப் பார்த்து நின்றாள். அவசரப்படவில்லை, உதவி செய்யவில்லை, பாவம் பார்க்கவும் இல்லை. பஸ்ஸில் ஒத்திகை பார்த்த எந்த முகமும் அதில் இல்லை. அவன் கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணை மூடித் திறந்தான்.

"க... கழுத!" என்றான்.

"ஆமா" என்றாள் கலை.

"யா... யாரைக் கேட்டு எ... எல்லாருக்கும் போட்ட?"

"யாரையும் கேக்கல."

"த... த... தவில் வேற!"

"அது நான் போடலப்பா, சத்தியமா!"

பிறகு அவன் திட்டினான் பாருங்கள்! ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் திட்டினான். ஒவ்வொரு எழுத்தும் இடறியது. இடறிய இடத்தில் நின்றான், எழுந்தான், மறுபடி போனான். நான் அனுப்பினதை ஒரு தடவையாவது முழுசாக் கேட்டியா என்றான். பாதி கேட்டுட்டு டைரக்டர் மாதிரி பேசுறியா என்றான். 'டைரக்டர்' என்ற வார்த்தைக்கு வெகு நேரம் ஆயிற்று. கலை ஒவ்வொன்றுக்கும் "ஆமா", "தப்புதான்", "அதுவும் தப்புதான்" என்று தலையாட்டினாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, பல் அத்தனையும் வெளியே தெரிந்தது. திட்டு வாங்குவதில் அவ்வளவு சந்தோஷப்பட்ட பெண்ணை நான் எந்த அனிமேயிலும் பார்த்ததில்லை.

திட்டித் தீர்ந்ததும் பூவரசன் மூச்சு வாங்கினான். தலையைக் குனிந்துகொண்டு கேப்பைப் பையின் காதைத் திருகினான்.

"மு... முன்னாடி இன்னா சொன்ன? மெ... மெஷின் சத்தத்துல கே... கேக்கல."

புளுகன்! மெஷின்தான் அப்போது நின்றுவிட்டதே. தெருவுக்கே கேட்கும்படி கத்தியவளுக்கு இப்போது வெட்கம் வந்துவிட்டது. சுவரைப் பார்த்தாள், தராசைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் எதற்கு, நான் பூனைதானே.

அம்சவள்ளிக்குப் பொறுக்கவில்லை. "உன்னைப் புடிச்சிருக்குதாம்பா! நான் கேட்டேன், இந்தத் தெருவே கேட்டுது. யண்ணே, அதான் சொல்லிட்டா இல்ல, ஜல்தி மில்லைப் போடு. வூட்டுல அடுப்பு எரிஞ்சிக்கினு இருக்குது."

தேவசகாயம் சுவிட்சின் மேல் கை வைத்தபடி மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் மறுபடி ஏதோ சொல்ல வாயைத் திறந்து முதல் எழுத்திலேயே நின்றுகொண்டிருந்தான். அவர் சுவிட்சிலிருந்து கையை எடுத்தார்.

"இரு தங்கச்சி" என்றார். "புள்ள பேசிக்கினு இருக்கான்."